புது ஏ.பி.யு (கிராபிக்ஸும் உள்ளேயே சேர்ந்த பிராசஸர்) வரும்வரை காத்திருக்கலாமா, 8600ஜி-யை இப்போதே வாங்கலாமா?

நிழல்பலகை:

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் சின்ன கேபினட்டில் ஒரு பிசி செட். 1080பி-யில் வேலரன்ட், ஜிடிஏ 5, கொஞ்சம் வீடியோ எடிட்டிங், அவ்வளவுதான் தேவை. போட்டு வைத்திருக்கும் பட்டியல்: ரைசன் 5 8600ஜி, பி650 போர்டு, 16 ஜிபி டி.டி.ஆர்.5 ஒரே ஸ்டிக் (பிறகு இன்னொன்று சேர்க்கலாம் என்று).

குழப்பம் இதுதான். லேப்டாப்பில் 890எம் கிராபிக்ஸ் வந்துவிட்டது, ஏ.எம்.டி-யின் பெரிய சிப்பான ஸ்ட்ரிக்ஸ் ஹேலோவில் 40 கம்ப்யூட் யூனிட் (கிராபிக்ஸின் கணக்குப் பகுதிகள்) என்கிறார்கள், இன்டெலும் என்விடியாவும் கைகோத்துவிட்டன. இந்த நேரத்தில் 8600ஜி வாங்குவது ஏமாளித்தனமா? இல்லை, மலிவாக 8500ஜி எடுத்துவிட்டுப் பின்னால் ஒரு கார்டு போட்டுக்கொள்ளலாமா?

பிட்டரசன்:

கம்ப்யூட் யூனிட் எண்ணிக்கையை முதலில் மறந்துவிடுங்கள். சிப்புக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. பிராசஸர் குடிக்கும் அதே ரேமிலிருந்துதான் அதுவும் குடிக்க வேண்டும். ஏ.எம்.5 சாக்கெட்டில் (பி650 போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) இரண்டு ரேம் ஸ்டிக் சேர்ந்து 128 பிட் அகலப் பாதை. 6000 வேக ரேம் போட்டால் 6000 × 16 பைட், அதாவது நொடிக்கு 96 ஜிபி. பழைய ஜிடிஎக்ஸ் 1650-க்கே தனியாக 128 ஜிபி இருந்தது. ஆர்எக்ஸ் 6600-க்கு 224.

8600ஜி-யில் உள்ள 760எம்-க்கு 8 யூனிட், 8700ஜி-யின் 780எம்-க்கு 12. கணக்குப்படி 50 சதவீதம் கூடுதல். விளையாட்டில் அதில் பாதிகூட வருவது அரிது, காரணம் ரேமிலிருந்து வரும் குழாய் ஒரே அளவு. 890எம்-இல் 16 யூனிட் இருந்தும் இதே கதைதான். நாளைக்கு ஏ.எம்.5-இல் 16 யூனிட் சிப் வந்தாலும் ரேம் வேகம் ஏறாமல் பாய்ச்சல் எதுவும் இருக்காது.

ஸ்ட்ரிக்ஸ் ஹேலோ வேறு ஜாதி. அது 256 பிட், எல்.பி.டி.டி.ஆர்.5எக்ஸ் 8000, நொடிக்கு 256 ஜிபி, கூடவே 32 எம்பி கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்). அந்த அகலம் ஏ.எம்.5 சாக்கெட்டின் பின்களில் கிடையாது. ரேமும் போர்டிலேயே சாலிடர் ஆகி வருகிறது. ஆகவே ஹேலோவுக்காகக் காத்திருந்து பி650 போர்டில் செருகுவது நடக்காத காரியம்.

இன்டெல்-என்விடியா: 2025 செப்டம்பரில் 500 கோடி டாலர் முதலீட்டோடு அறிவித்தார்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் துண்டு (சிப்லெட்) சேர்ந்த இன்டெல் எக்ஸ்86 பிராசஸர் திட்டம் அதில் உண்டு. கடைக்கு வரும் தேதி அறிவிப்பில் இல்லை. தேதி இல்லாத பொருளை நம்பிப் பட்டியல் போடாதீர்கள்.

பழைய வழக்கத்தையும் பாருங்கள். ஏ.எம்.டி லேப்டாப்பில் முதலில் விடும், டெஸ்க்டாப்புக்கு ஆற அமர வரும். ஃபீனிக்ஸ் சிப் 2023 ஜனவரியில் லேப்டாப்புக்கு அறிவிப்பு, அதே சிப்பின் டெஸ்க்டாப் வடிவமான 8000ஜி வரிசை (8500ஜி, 8600ஜி, 8700ஜி) கடைக்கு வந்தது 2024 ஜனவரி இறுதியில். 4000ஜி வரிசை 2020-இல் பெரிய கம்பெனி பிசிக்களுக்கு மட்டும் போனது, கடையில் தனியாகக் கிடைக்கவில்லை. அதனால் "லேப்டாப்பில் வந்தாச்சு" என்பது டெஸ்க்டாப்புக்கு வாக்குறுதி ஆகாது.

இதற்கிடையில் ரேம் விலை. ஏ.ஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 கடைசியில் எகிறியது. மைக்ரான் தன் குரூசியல் சில்லறை விற்பனையை நிறுத்துவதாக அந்த டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. சிப்புக்காகக் காத்திருந்து ரேமில் விடுவதும் நடக்கும்.

சாலிடர்_மணி:

ஒத்தை ஸ்டிக் ஐடியாவை இப்பவே கைவிடுங்க. அதுதான் இந்தப் பட்டியல்லயே பெரிய தப்பு. 96 ஜிபி நேரா 48 ஆகிடும், விளையாட்டு திக்கித் திக்கி ஓடும். 8 ஜிபி ரெண்டு போட்டாலும் ஒரு 16-ஐ விட மேல். முடிஞ்சா 16 × 2, 6000, எக்ஸ்போ (ரேமை அறிவிச்ச வேகத்துல ஓட்டுற ஏ.எம்.டி அமைப்பு) உள்ள கிட் ஒரே பெட்டியில. ஒருத்தர்கூட இதைச் சொல்றதில்ல: சிபியு-இசட்ல (கணினி விவரம் காட்டுற இலவச மென்பொருள்) ஒரு டி.டி.ஆர்.5 ஸ்டிக் போட்டாலே "2 × 32 பிட்"னு காட்டும், அதைப் பார்த்து டூயல் சேனல்னு (ரெண்டு ஸ்டிக்கும் சேர்ந்து ஓடுறது) நினைச்சுடுவாங்க. உண்மையான டூயல்னா "4 × 32 பிட்"னு வரணும். வேகம் 3000ன்னு காட்டும், அது சரிதான், 6000-த்துல பாதி.

பிறகு நாலு ஸ்லாட்டையும் நிரப்பலாம்னு நினைக்காதீங்க. நாலு ஸ்டிக்குக்கு ஏ.எம்.டி அதிகாரபூர்வமா சொல்ற வேகம் 3600 மட்டும்தான். ரெண்டு ஸ்டிக்கை பிராசஸர்ல இருந்து எண்ணினா 2, 4-வது ஸ்லாட்ல (ஏ2, பி2) போடுங்க.

8500ஜி + பின்னால கார்டு? வேண்டாம். அதுல கார்டு ஸ்லாட்டுக்கு பி.சி.ஐ.இ 4.0 (கார்டையும் பிராசஸரையும் இணைக்கிற பாதை) வெறும் 4 லேன். 8600ஜி, 8700ஜி-க்கு 8. 8 ஜிபி கார்டு போட்டு வீடியோ மெமரி நிரம்பிட்டா, மிச்சம் அந்த 4 லேன் வழியாத்தான் ரேமுக்குப் போய் வரணும். சராசரி எஃப்.பி.எஸ் நல்லாவே தெரியும், ஆனா நடுநடுவே உறையும். கார்டு போடப்போறது உறுதின்னா ஜி வரிசையே எதுக்கு? எல்3 கேஷ் 16 எம்பிதான் இதுல. ரைசன் 5 7600-ல 32 எம்பி இருக்கு, கார்டுக்கு முழு 16 லேனும் கிடைக்கும்; கார்டு வர்ற வரைக்கும் டிஸ்ப்ளேக்கு மட்டும் குட்டி கிராபிக்ஸும் உண்டு.

நிழல்பலகை:

கார்டு எண்ணத்தை விட்டுவிட்டேன். 8600ஜி, 16 × 2. மாட்டும்போது எதில் கவனம்? பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) கிராபிக்ஸுக்கு எவ்வளவு ரேம் ஒதுக்குவது?

சாலிடர்_மணி:

முதல்ல பயாஸ். 2024-க்கு முன்னாடி செஞ்ச போர்டு கடையில கிடந்ததா இருந்தா 8000ஜி-யை அடையாளமே கண்டுக்காம போகலாம். ஃப்ளாஷ்பேக் பட்டன் (பயாஸைப் புதுப்பிக்கிற பட்டன்) உள்ள போர்டா எடுங்க. பென்டிரைவை ஃபேட்32-ல ஃபார்மட் பண்ணி, போர்டு கையேட்டில் சொன்ன பேர்ல ஃபைலைப் போட்டா சிபியு இல்லாமலே ஏத்திடலாம். நாளைக்குப் புது சிப் மாத்தவும் இதே பட்டன் உதவும். இன்னொண்ணு, 8000ஜி வெளியான புதுசுல, லேப்டாப்புக்கான ஸ்டாப்ம்ங்கிற பவர் கட்டுப்பாடு டெஸ்க்டாப்லயும் ஒட்டிக்கிட்டு வந்து, சில நிமிஷத்துல வேகம் தானா விழுந்துது. பயாஸ் அப்டேட்லதான் சரி பண்ணாங்க. பழைய பயாஸோட ஓட்டாதீங்க.

முதல் தடவை ஆன் பண்ணா திரை சில நிமிஷம் கறுப்பாவே இருக்கும். மெமரி டிரெய்னிங், அதாவது போர்டு ரேமைச் சோதிச்சு அமைச்சுக்கற நேரம். டிராம் விளக்கு எரியுதுன்னு பதறி பவரைப் பிடுங்கினா மறுபடி முதல்ல இருந்து. காபி போட்டுட்டு வாங்க.

ஒதுக்கீடு: பயாஸ்ல "யூ.எம்.ஏ ஃபிரேம் பஃபர் சைஸ்"ங்கிற அமைப்பு. ஆட்டோ விட்டா 512 எம்பியில நிக்கலாம், சில கேம் அதைப் பார்த்துட்டு அமைப்புகளைத் திறக்க விடாது. 32 ஜிபி இருக்கறதால 4 ஜிபி கொடுங்க. அதுக்கு மேல கொடுக்கத் தேவையில்ல, பத்தலைன்னா விண்டோஸ் மிச்ச ரேம்ல இருந்து தானா எடுத்துக்கும்.

பிட்டரசன்:

4 ஜிபி சரியான அளவு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் 65 வாட்டுக்குப் போதும், ஆனால் சின்ன கேபினட்டில் சிபியுவும் கிராபிக்ஸும் ஒரே சூட்டையும் ஒரே பவர் அளவையும் பங்கிட்டுக்கொள்கின்றன. பின்பக்கம் ஒரு 120 மி.மீ ஃபேன் கட்டாயம். ஏ.எம்.5-ஐ 2027 தாண்டியும் தாங்குவோம் என்று ஏ.எம்.டி சொல்லியிருக்கிறது, அதனால் மிச்சப்படுத்துகிற காசை சிப்பில் மிச்சப்படுத்துங்கள், போர்டிலும் ரேமிலும் வேண்டாம். சிப்பைப் பிறகு மாற்றலாம்.