பிஎச் 7.7 காரம்தானே, சிப்பிக் குஞ்சுகள் ஏன் சாகின்றன?

நெய்தல்: அமெரிக்காவின் ஓரிகன் கரையில், நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் உள்ள விஸ்கி கிரீக் பொரிப்பகத்தில் 2007, 2008-இல் பசிபிக் சிப்பிக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கடல் அமிலமாவதுதான் காரணம் என்கிறார்கள். ஆனால் பிஎச் 7-க்குக் கீழே போனால்தானே அமிலம், அங்கே போகவே இல்லையே? சோடா கலந்து சரிசெய்தார்களாம். எந்தச் சோடா, எவ்வளவு?

சுண்ணம்: பிஎச்சை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. ஓடு கட்டத் தேவை கார்பனேட் அயனி. வடகாற்று வீசும்போது கரியமில வாயு மிகுந்த ஆழ்கடல் நீர் மேலே வருகிறது. வாயு கூடக்கூட கார்பனேட் குறைகிறது. குஞ்சின் ஓடு அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் வகை. அது நீரில் படியுமா கரையுமா என்று சொல்லும் அளவுதான் அரகோனைட் தெவிட்டு நிலை. அது 1-க்குக் கீழே போனால் ஓடு கரையும். குஞ்சுகளோ 1.5 அளவிலேயே திணறத் தொடங்கிவிடும்.

கருவுற்ற 48 மணி நேரத்துக்குள் முதல் ஓடு முடிந்தாக வேண்டும். அதுவரை இரை எடுக்க முடியாது. முட்டையில் வந்த கொழுப்புதான் கையிருப்பு. நீர் மோசமானால் அந்தக் கொழுப்பு முழுக்க ஓடு கட்டவே செலவாகிவிடும். பல குஞ்சுகள் அன்றே சாகாமல் ஓரிரு வாரம் கழித்துச் சாகும். அதனால்தான் முதலில் விப்ரியோ பாக்டீரியா மேல் பழி விழுந்தது. வளர்ந்த சிப்பியின் ஓடு பெரும்பாலும் கால்சைட், கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு வடிவம். அது அரகோனைட்டைவிட மெதுவாகக் கரையும்.

உவர்நீர்: சலவை சோடா, அதாவது சோடியம் கார்பனேட். ஆப்ப சோடா கார்பனேட்டை அவ்வளவாக உயர்த்தாது. காரத்தன்மையை (அமிலத்தைத் தாங்கும் நீரின் திறனை) கிலோவுக்கு 200 மைக்ரோ ஈக்விவலன்ட் உயர்த்த, 1000 லிட்டருக்குச் சுமார் 10.6 கிராம் போதும். முதலில் நன்னீரில் முழுவதும் கரைத்து, உள்ளே வரும் நீரோட்டத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தொட்டியில் மொத்தமாகக் கொட்டினால் நீர் பால்போல் வெளுத்து, கால்சியமும் மக்னீசியமும் வீழ்படிவாகிவிடும். மலிவான பிஎச் மீட்டரை மட்டும் நம்பி அளவு போடாதீர்கள். மொத்தக் காரத்தன்மையையும் அமிலத் தரம்பார்த்தலால் (அளவான அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பார்க்கும் முறையால்) அளந்தால்தான் தெவிட்டு நிலையைக் கணக்கிட முடியும்.

இன்னொன்று, காசே செலவில்லாதது: நீரை விடியலில் இறைக்காமல் மாலையில் இறையுங்கள். பகல் முழுக்கக் கடற்புல் கரியமில வாயுவை இழுத்திருக்கும்.

நெய்தல்: வெப்பத்துக்கும் இப்படி ஏதாவது உண்டா?

சுண்ணம்: தொட்டிக்குள் உண்டு, குளிரூட்டலாம். கரையில் அது முடியாது. 2021 ஜூன் வெப்ப அலையின்போது அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள சேலிஷ் கடலில் நண்பகலில் வற்று (கடல் நீர் இறங்கும் வேளை) வந்ததால் மட்டிகள் வெயிலில் வெந்து செத்தன. காலையிலேயே வற்றிய வெளிக்கரையில் சேதம் குறைவு. ஆகவே வளர்ப்புப் பைகளை வற்று எல்லையில் இன்னும் கீழே இறக்கிக் கட்டினால் காற்றில் காயும் நேரம் குறையும். வளர்ச்சியும் கூடும், ஆனால் பைகளில் பாசியும் கொட்டலசு போன்ற ஒட்டி வளரும் உயிரிகளும் அதிகம் பிடிக்கும். அடிக்கடி புரட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.