‘செட்’ என்பதற்குத் தமிழில் என்ன போடுவது?

தாளிப்பு: சமையல் குறிப்பு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ஜெல்லியை ஃப்ரிட்ஜில் ‘செட்’ ஆக விட வேண்டுமாம். அகராதியில் அஸ்தமனம், டென்னிஸ், எலும்பு முறிவு எல்லாம் இருக்கிறது. ஜெல்லிக்கு எதை எடுப்பது?

பழைய_அகராதி: ‘உறைய’. திணறுவது நீங்கள் மட்டுமல்ல. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் இந்தச் சொல்லுக்குச் சுமார் 430 பொருள். இப்போது ‘ரன்’ முந்திவிட்டது, வினையாக மட்டுமே 645 என்கிறார்கள்.

கீழவீதி: ‘உறைய’ வேண்டாம் சார், ஃப்ரீசரில் வைத்துவிடுவார்கள். ‘கெட்டிப்பட’ என்று போடுங்கள். நம் ஆட்களும் சளைத்தவர்களா? பம்புசெட், செட் தோசை, ‘எங்க காலேஜ் செட்’. சம்பந்தம் கூடாவிட்டால் ‘செட் ஆகல’!

தாளிப்பு: சரி, ‘கெட்டிப்பட’ போட்டாச்சு. அடுத்த வரியில் ஓவனை 180 டிகிரியில் ‘செட்’ பண்ணச் சொல்கிறது.

கீழவீதி: அதற்கு ‘வைக்கவும்’ போதும்.