நெல் ஆராய்ச்சியை வைத்து அமெரிக்க கிரீன் கார்டுக்கு சுயமனு: எதை எப்படி அடுக்குவது?

குறுவைப்பட்டம் கேட்டது:

வணக்கம். உழவியலில் முனைவர் பட்டம் முடித்திருக்கிறேன், ஊர் மன்னார்குடி பக்கம். நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது, அதனால் மீத்தேன் எவ்வளவு குறைகிறது என்று அளப்பது, இதுதான் என் வேலை. 13 கட்டுரைகள், கூகுள் ஸ்காலரில் 290 மேற்கோள், 30க்கு மேல் மதிப்பாய்வு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி) வேலைக்கு ஜே-1 விசாவில், அதாவது பரிமாற்றப் பார்வையாளர் விசாவில், போகப் பேச்சு நடக்கிறது. வேலை கொடுப்பவர் இல்லாமல் நாமே மனுப் போடலாம் என்கிறார்கள். இபி-2 பிரிவில் தேசிய நலன் விலக்கா (உயர்படிப்பு படித்தவர்கள் வேலை கொடுப்பவர் இல்லாமல் போடுவது), இபி-1ஏவா (அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கானது)? கட்டுரைகளில் பெயர் ஒன்றாகவும் பாஸ்போர்ட்டில் வேறாகவும் இருக்கிறது, அது இடிக்குமா? கணவர் சிங்கப்பூரில் பிறந்தவர், இந்திய பாஸ்போர்ட்தான்.

வெண்ணாறு பதில்:

மேடம், தேசிய நலன் விலக்கு மனுவை 2016ல் தனசார் என்பவரின் வழக்கில் வந்த தீர்ப்பின் மூன்று கேள்விகளை வைத்துத்தான் பார்ப்பார்கள். நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு மதிப்பும் தேச அளவில் முக்கியத்துவமும் உண்டா? அதைச் செய்து முடிக்கும் தகுதியில் இருக்கிறீர்களா? வேலை உத்தரவும் லேபர் சர்டிஃபிகேஷனும் (அந்த வேலைக்கு அமெரிக்க ஆள் கிடைக்கவில்லை என்ற தொழிலாளர் துறைச் சான்று) கேட்காமல் விடுவது அமெரிக்காவுக்கு நல்லதா? நம் ஆட்கள் இரண்டாவதற்குக் கட்டுக்கட்டாகச் சான்றிதழ் சேர்த்துவிட்டு முதலாவதை அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வருவது பெரும்பாலும் அந்த அரைப் பக்கத்தால்தான்.

"நெல் உலகத்துக்கே சோறு போடுகிறது" என்று எழுதினால் அது துறையின் பெருமை, உங்கள் திட்டத்தின் முக்கியத்துவம் ஆகாது. மேட்டூர் எப்போது திறக்கும் என்ற நம் கவலையும் மனுவைப் பார்க்கும் அதிகாரிக்கு வேண்டியதில்லை. அமெரிக்க நெல்லில் ஏறக்குறைய பாதி ஆர்கன்சாவில் விளைகிறது. அங்கே மிசிசிப்பி படுகையின் நிலத்தடி நீரை வருஷக்கணக்காக இறைத்து மட்டம் இறங்கிவிட்டது. உங்கள் ஆராய்ச்சி போய்ப் பொருந்தும் இடம் அது. அதனால் திட்டத்தை இப்படிக் குறுக்குங்கள்: வயலில் துளையிட்ட குழாய் புதைத்து, தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சுவது, பூக்கும் நேரத்தில் மட்டும் 5 செ.மீ. நிறுத்தி வைப்பது என்ற முறையை அந்த மண்ணுக்கும் பெரிய வயல்களுக்கும் ஏற்பத் திருத்துவது. வயல் காயும்போது மீத்தேன் குறைந்தாலும் நைட்ரஸ் ஆக்சைடு கூடும். அதைத் தழைச்சத்து இடும் நேரத்தை மாற்றி எப்படிக் கட்டுப்படுத்துவீர்கள் என்றும் எழுதுங்கள். இந்த ஒரு பத்தி இருந்தாலே, திட்டத்தை எழுதியவர் வயலில் இறங்கியவர் என்று தெரிந்துவிடும். பக்கத்திலேயே அமெரிக்க வேளாண் துறையின் அறிக்கைகளில் நீர்மட்டம் பற்றிய பக்கங்களை ஆதாரமாக வையுங்கள்.

திட்டம் ஐந்தாறு பக்கம் போதும். போஸ்ட்டாக் கிடைக்காமல் போனாலும் வேலை எப்படித் தொடரும் என்பது அதில் இருக்கட்டும். மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதை மட்டும் தேச முக்கியத்துவமாகக் காட்ட வேண்டாம். தனசார் வழக்கிலேயே ஆராய்ச்சி ஏற்கப்பட்டது, கற்பித்தல் ஏற்கப்படவில்லை.

கல்லணைக்கால்வாய் பதில்:

வெண்ணாறு அண்ணன் சொன்னதுக்கு மேல, ஆதாரங்களைப் பத்தி.

290ங்கிற எண்ணை மட்டும் வச்சா பிரயோஜனம் இல்ல. சுய மேற்கோளைக் கழிச்சிட்டு, உங்க துறையில அந்தந்த வருஷத்துக்கட்டுரைகளோட ஒப்பிட்டு எந்தச் சதவீதத்துல வருதுன்னு காட்டணும். வேளாண்மையில மேற்கோள் மருத்துவத்தைவிட மெதுவாத்தான் ஏறும், அதை அதிகாரிக்கு யாராவது சொன்னாத்தான் தெரியும். அதைவிட முக்கியம், மத்தவங்க உங்க முறையை எடுத்து நிஜமாவே பயன்படுத்தின அஞ்சாறு கட்டுரை. அந்தப் பக்கத்தை முழுசா அச்செடுத்து, பத்தியை மஞ்சள்ல அடையாளம் போட்டு, ஓரத்துல ரெண்டு வரி விளக்கம். "முன் ஆய்வுகள் காட்டியபடி" அப்படீன்னு பத்துப் பேரோட உங்க பேரையும் அடைப்புக்குறியில போட்டிருந்தா அதைச் சேர்க்காதீங்க.

பரிந்துரைக் கடிதம் ஆறு போதும். உங்க வழிகாட்டி, கூட வேலை பார்த்தவர்னு ரெண்டு. மீதி நாலும் உங்களோட சேர்ந்து எழுதாதவங்க கிட்ட இருந்து. ஒவ்வொருத்தரும் ஒரு தனி விஷயத்தைப் பேசணும்: ஒருத்தர் வாயு அளவீடு, ஒருத்தர் நீர்ச் சேமிப்பு, ஒருத்தர் விவசாயிகள் ஏத்துக்கிட்டது. நீங்களே வரைவு எழுதி ஆறு பேருக்கும் அனுப்பினா ஒரே சொற்றொடர் ஆறு கடிதத்துலயும் தலைகாட்டும். அது தெரிஞ்சா ஆறுக்கும் மதிப்புப் போயிடும்.

காசு கட்டி வாங்கின "சிறந்த இளம் விஞ்ஞானி" விருது, சந்தா கட்டினா கிடைக்கிற ஆயுள் உறுப்பினர் பதவி, இதெல்லாம் தயவுசெஞ்சு வெளியே வையுங்க. ஒரு போலிச் சான்று கண்ணுல பட்டா நல்லதையும் சந்தேகத்தோட படிப்பாங்க. மதிப்பாய்வுக்கு அழைப்பு மின்னஞ்சல் ஆதாரம் இல்ல, முடிச்சுக் கொடுத்ததுக்கு இதழ் அனுப்பின நன்றி மின்னஞ்சல்தான் ஆதாரம்.

பேர் விஷயம்: ஒரு கட்டுரையில "ரா. கலைவாணி", இன்னொண்ணுல "கலைவாணி ரா", பாஸ்போர்ட்ல "கலைவாணி ராமசாமி"ன்னு இருக்கிறது நம்ம பக்கம் எல்லாருக்கும் உள்ளதுதான். ஒரே பக்கத்துல அட்டவணை போடுங்க, எந்தக் கட்டுரையில எந்த வடிவம்னு. நோட்டரி கிட்ட எல்லாம் ஒரே நபர்னு அஃபிடவிட், ஆர்கிட் (ஆய்வாளர்களுக்கான இணைய அடையாள எண்) கணக்குல எல்லா வடிவமும், "பிற பெயர்கள்" கேக்கிற படிவங்கள்லயும் அதே. பாஸ்போர்ட்ல குடும்பப்பெயர் கட்டம் காலியா இருந்தா விசாவுல முதல் பேர் இடத்துல "எஃப்என்யூ"ன்னு (முதல் பேர் தெரியலைங்கிறதோட சுருக்கம்) விழும், பிறகு ஒவ்வொரு அலுவலகத்துலயும் தொல்லை. இப்பவே திருச்சி பாஸ்போர்ட் அலுவலகத்துல பிரிச்சு வாங்கிடுங்க.

ஓடம்போக்கி பதில்:

கேள்வியில் கடைசி வரியைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள், உங்களுக்கு அதுதான் பெரிய செய்தி. கிரீன் கார்டு வரிசை குடியுரிமையைப் பார்த்து இல்லை, பிறந்த நாட்டைப் பார்த்து. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-2 வரிசை பத்தாண்டுக்கும் மேல் பின்தங்கிக் கிடக்கிறது. கணவர் பிறந்த நாட்டின் கணக்கில் நீங்கள் சேரலாம், இருவரும் சேர்ந்து குடியேறும்போது. அந்தக் காத்திருப்பு இந்திய வரிசையோடு ஒப்பிட்டால் மிகவும் சிறியது. அவருடைய சிங்கப்பூர் பிறப்புச் சான்றையும் திருமணப் பதிவுச் சான்றையும் இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். டெல்டாவில் சிங்கப்பூர், மலேசியா, இலங்கையில் பிறந்த வாழ்க்கைத்துணை உள்ள குடும்பங்கள் எத்தனையோ, பலருக்கு இது தெரிவதே இல்லை.

இபி-1ஏவுக்குப் பத்து அளவுகோலில் மூன்று வேண்டும். மதிப்பாய்வும் கட்டுரைகளும் சேர்த்து இரண்டு எளிதாகத் தேறும். மூன்றாவதான "பெரும் முக்கியத்துவமுள்ள பங்களிப்பு" உங்கள் எண்ணிக்கையில் இழுபறிதான். மூன்றும் தேறினாலும் ஒட்டுமொத்தமாக எடைபோடும் கட்டம் ஒன்று இருக்கிறது. ஆகவே என் கருத்து: இப்போது இபி-2, பிறகு வலுவானதும் இபி-1ஏ. முதல் மனு ஏற்கப்பட்டால் அதன் முன்னுரிமைத் தேதி (வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி) இரண்டாவதற்கும் வரும்.

ஜே-1ல் கவனம். அது திரும்பிப் போகும் எண்ணத்தைக் காட்ட வேண்டிய விசா. ஐ-140 (கிரீன் கார்டுக்கான இந்த மனுப் படிவம்) போட்டிருந்தால் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் அதை மறைக்கக் கூடாது, சொன்னால் விசா மறுக்கப்படலாம். எது முதலில் என்று வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஜே-1ல் போனவர்கள் இரண்டாண்டு ஊர் திரும்ப வேண்டிய நாடுகளையும் துறைகளையும் சொல்லும் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டது, ஆனால் அரசு நிதியில் போனால் இரண்டாண்டு ஊர் திரும்பும் நிபந்தனை இன்னும் உண்டு.

குறுவைப்பட்டம் கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. தமிழ் நாளிதழில் வந்த செய்தியும் விவசாயிகள் எழுதிய கடிதமும் கையில் இருக்கின்றன. சேர்க்கலாமா?

வெண்ணாறு பதில்:

விவசாயிகள் கடிதத்தைக் கட்டாயம் சேர்க்கலாம். எத்தனை ஏக்கர், எந்தப் பருவம், எத்தனை முறை பாய்ச்சுவது மிச்சமானது என்று அதில் இருக்கட்டும். நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம் போல, உங்களோடு சேர்ந்து வேலை செய்யாத இடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் இன்னும் பலம். நாளிதழ் செய்தி உங்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். நெல் திருவிழாச் செய்தியில் கடைசி வரியில் பெயர் வந்தால் போதாது. இபி-1ஏவுக்குத் தலைப்பு, தேதி, எழுதியவர் பெயர் மூன்றும் கேட்பார்கள், நம் பத்திரிகைகளிலோ "நமது நிருபர்" என்றுதான் இருக்கும். அந்த இதழின் வழக்கம் அதுதான் என்று ஆசிரியர் குழுவிடம் கடிதம் வாங்கிச் சேர்த்துவிடுங்கள். தமிழில் உள்ள ஒவ்வொன்றுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், சுருக்கம் செல்லாது. முழுமையானது, சரியானது, இரு மொழியும் அறிந்தவன் நான் என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை நீங்களோ கணவரோ செய்யாமல் வெளியாள் ஒருவரிடம் கொடுங்கள்.