புதுப்பிப்பு: அகும்பே மரத்தில் பார்த்தது தேரைதான்

போன வாரம் கர்நாடகத்தின் அகும்பே காட்டில் தலை உயரத்து இலையில் உட்கார்ந்திருந்த சின்ன உயிரைப் பற்றிக் கேட்டிருந்தேன். பலரும் மரத்தவளை என்றீர்கள். நேற்று இரவு மழை விட்டதும் அதே ஓடைக்கரைக்கு மறுபடியும் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு, அதே புதரில் ஒன்று தென்பட்டது!

அது தவளை இல்லை, மலபார் மரத்தேரை. 4 சென்டிமீட்டர்கூட இருக்காது. கண்ணுக்குப் பின்னால் புடைத்த நச்சுச் சுரப்பி, முதுகின் ஓரமாக வரிசையாகப் பருக்கள், விலாவில் வெள்ளைப் பட்டை. விரல் நுனிகள் மட்டும் மரத்தவளைக்கு இருப்பதுபோல் அகன்றிருந்தன. போன தடவை என்னைக் குழப்பியது அந்த விரல்கள்தான்.

தேரை மரமேறுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இது ஏறும். மரப்பொந்துகளிலும் தங்கும். தென்கிழக்கு ஆசியாவில் இதன் உறவாகக் கருதப்பட்ட தேரைகளை 2016இல் வேறு பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் தொகுதி) மாற்றிவிட்டார்கள். அதனால் இந்தத் தேரையின் பெடோஸ்டிபெஸ் என்ற பேரினமே இப்போது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது. அழியும் ஆபத்தில் உள்ள இனம் இது. அதனால் சரியான இடத்தைச் சொல்லவில்லை, மன்னிக்கவும்.

கையில் எடுக்கவில்லை. டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து நான்கு படம் எடுத்தேன். அப்புறம் அது மெல்ல நடந்து இலைக்கு அடியில் போய்விட்டது.