ஜிபிஎஸ் சிங்க் இருந்தால் ரேஷியோவை இஷ்டத்துக்கு வைக்கலாமாம்!

டவர்மணி:
வயர்லெஸ் இன்டர்நெட் டவர் பற்றி இங்கே கேட்ட புதியவர் ஒருவருக்கு அலையரசன் நேற்று அருளியது: "ஒரே டவரில் நாலு செக்டார் (ஆளுக்கொரு திசையைப் பார்க்கும் ரேடியோ) என்றாலும் ஜிபிஎஸ் சிங்க்கை (எல்லா ரேடியோவையும் ஒரே கடிகாரத்தில் ஓட்டுவதை) ஆன் செய்துவிட்டால் போதும். முதுகோடு முதுகாக இருக்கும் செக்டார்களை ஒரே சேனலில் ஓட்டலாம், டவுன்லிங்க் ரேஷியோவை அந்தந்த செக்டாரின் தேவைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்." முதல் பாதி சரி. ரேஷியோ, அதாவது சந்தாதாரருக்கு அனுப்பும் நேரமும் (டவுன்லிங்க்) அவரைக் கேட்கும் நேரமும் (அப்லிங்க்) எவ்வளவு என்ற பங்கு, அந்த விஷயத்தைப் படித்ததும் தலை சுற்றிவிட்டது.

ஒருமுறை அனுப்பிக் கேட்டு முடிக்கும் சுற்று, அதாவது ஃப்ரேம், 5 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செக்டார் 75/25 (75 சதவீதம் அனுப்ப, 25 கேட்க), இன்னொன்று 50/50. இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கும். 2.5 மில்லிசெகண்டில் இரண்டாவது செக்டார் அனுப்புவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பிக்கும். முதலாவது 3.75 வரை அனுப்பிக்கொண்டே இருக்கும். இடையில் 1.25 மில்லிசெகண்ட், அதாவது இரண்டாவதன் அப்லிங்க் நேரத்தில் பாதி, முதலாவதன் சத்தத்தில் கெட்டுப்போகும். ஜிபிஎஸ் தொடக்கத்தைத்தான் ஒன்றாக்கும். முடிவை நாம்தான் ஒன்றாக வைக்க வேண்டும்.

அலையரசன்:
முதுகோடு முதுகு என்று நானே எழுதியிருக்கிறேன். நல்ல ஆன்டெனா பின்பக்கம் 30 டெசிபலுக்கு மேல் தடுக்கும். தவிர, ஜிபிஎஸ் பல்ஸ் நானோசெகண்ட் கணக்கில் துல்லியமானது. மில்லிசெகண்டிலேயே நிற்பவருக்கு எப்படி விளக்குவது?

டவர்மணி:
நானோசெகண்ட் துல்லியத்தோடு தப்பான நேரத்தில் கத்தினாலும் அது கத்தல்தான். உங்கள் ஆன்டெனா கணக்குக்கே வருகிறேன். ரேடியோ 25 டிபிஎம்மில் (சிக்னல் பலத்தின் அளவு) அனுப்புகிறது. இரண்டு ஆன்டெனாவும் சேர்ந்து 70 டெசிபல் தடுக்கிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். பக்கத்து செக்டாரின் காதில் மைனஸ் 45 விழும். சந்தாதாரர் சிக்னல் அதைவிடப் பலவீனம், மைனஸ் 65. யார் ஜெயிப்பார்?

ஏணிக்காரன்:
முதலில் எந்த இன்டர்ஃபியரன்ஸைப் பேசுகிறீர்கள்? நம் ரேடியோக்கள் ஒன்றையொன்று கெடுப்பதா, பக்கத்து ஆள் அதே சேனலில் ஓட்டுவதா? இரண்டாவதற்கு ஜிபிஎஸ் ஒன்றும் செய்யாது. அவர் ஃப்ரேமும் நம்முடையதும் ஒத்துப்போனால்தானே.

அலையரசன்:
என் டவரில் ரேஷியோ வேறு வேறாகத்தான் ஓடுகிறது. காகிதத்தில் கணக்குப் போடுபவர்கள் ஒருநாள் மேலே ஏறிப் பார்க்கலாம்.

டவர்மணி:
'ஓடுகிறது' என்றால் என்ன? லிங்க் ஏறி நிற்பதா? அப்லிங்க் மாடுலேஷன் (சிக்னல் தரத்துக்கேற்ப மாறும் வேகப்படி) எந்த நிலையில் நிற்கிறது, எத்தனை பாக்கெட் திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது, அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போடுங்கள். டவுன்லிங்க் ஸ்பீடு டெஸ்ட் படத்தைப் போட்டு ஏமாற்ற வேண்டாம். அடி வாங்குவது அப்லிங்க். ரேஷியோ ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழையவயர்:
மோட்டரோலாவின் கனோப்பி ரேடியோக்கள் காலத்திலேயே இதெல்லாம் பேசித் தீர்ந்த விஷயம். அதன் ஃப்ரேம் 2.5 மில்லிசெகண்ட். டவுன்லிங்க் சதவீதம், அதிகபட்ச தூரம் இரண்டையும் எல்லா ஏபியிலும் (டவரில் உள்ள ரேடியோவிலும்) ஒன்றாக வைப்போம். தூரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 15 கிலோமீட்டர் கடக்க சிக்னலுக்கு 50 மைக்ரோசெகண்ட் ஆகும். தூரத்தை மாற்றினால் அனுப்புவதும் கேட்பதும் மாறும் இடமே நகர்ந்துவிடும். 2011-ல் அது கேம்பியம் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகும் அடிப்படை மாறவில்லை.

அலையரசன்:
அருங்காட்சியகப் பெட்டிகளை வைத்து இன்றைய ரேடியோவுக்குப் பாடமா? இன்றைய சிப்களின் ஃபில்டரே வேறு.

பழையவயர்:
அந்த அருங்காட்சியகப் பெட்டிகள் இன்னும் டவரில் ஓடுகின்றன. உங்கள் புதுப்பெட்டி ஒரு மழைக்காலம் தாண்டட்டும், அப்புறம் பேசுவோம்.

டவர்மணி:
ஃபில்டர் பக்கத்து சேனலைத் தடுக்கும். ஒரே சேனலில் வருவதை எந்த ஃபில்டர் தடுக்கும்? "அப்படியானால் சேனலை மாற்றிவிடுவேன்" என்பீர்கள். போதிய இடைவெளி விட்டு மாற்ற அலைவரிசை கிடைத்தால் ஜிபிஎஸ்ஸே எதற்கு? நான் கேட்டது ரேஷியோவைப் பற்றி. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஏணிக்காரன்:
ஒரு செக்டாரில் எல்லாம் சிசிடிவி, அப்லிங்க்தான் அதிகம் வேண்டும். மற்ற மூன்றில் வீடுகள். எல்லாவற்றுக்கும் 75/25 என்றால் கேமரா ஆட்கள் என்ன செய்வது? அலையரசன் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

டவர்மணி:
அந்த ஒரு செக்டாருக்குத் தனி சேனல், அதுவும் தள்ளி. இல்லையென்றால் நாலையும் 50/50 வையுங்கள். தேவை வேறாக இருக்கிறது என்பதற்காக இயற்பியல் வழிவிடாது.

அலையரசன்:
இயற்பியலாம்! ஷீல்டு (உலோக உறை) கேபிளுக்கு எர்த் தேவையில்லை என்று போன மாதம் இங்கே வாதாடியவர்தானே நீங்கள்?

டவர்மணி:
ஒரு முனையில் போதும், இரண்டிலும் வேண்டாம் என்றேன். பாதியை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டுவது உங்களுக்குக் கைவந்த கலை. 75/25-க்கும் 50/50-க்கும் நடுவில் அந்த 1.25 மில்லிசெகண்ட் எங்கே போகிறது என்று சொல்லுங்கள்.

பழையவயர்:
ஒரு முனையில் மட்டும் எர்த்தா? இடி விழும் இடத்தில் அதைச் செய்து பாருங்கள், ஸ்விட்ச் போர்ட் வரிசையாகப் போகும்.

டவர்மணி:
ஐயா, நீங்களுமா! சரி, கேபிளுக்கே வருகிறேன்...