'ஆஸ்டிராய்டு ஹயலோசிஸ்': கலைச்சொல் பரிந்துரை

வணக்கம். கண்புரை அறுவைக் கையேட்டில் 'ஆஸ்டிராய்டு ஹயலோசிஸ்' (கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விழிக்கூழில் வெண்துகள்கள் தோன்றும் நிலை) வருகிறது. 'சிறுகோள்' என்று பெயர்த்தால் வானியலுக்குப் போய்விடும். 'விழிக்கூழ்ப் புரை' பொருந்துமா?

———

ஐயா, 'புரை' வேண்டவே வேண்டாம். புரை அகற்றியவரிடம் "உள்ளே இன்னொரு புரை இருக்கிறது" என்றால் அறுவை அரைகுறையாக நின்றதென்றே அஞ்சுவார். இவை விழிக்கூழின் இழைகளில் ஒட்டிய வெண்மணிகள். கண்ணோடு அசைந்து பழைய இடத்துக்கே திரும்பும். பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும். பார்வையை அதிகம் கெடுக்காது. 'விழிக்கூழ் வெண்மணி' எனலாம்.

'கூழ்' நல்ல தேர்வு. ஈழப் பாடநூல்களின் 'கண்ணாடியுடனீர்' நீர்மத்தைத்தான் நினைவூட்டுகிறது. ஆரோக்கியமான கண்ணில் அது கூழ்.

———

அம்மா, கூழ் சரி. ஆனால் 'வெண்மணி' நிறத்தை மட்டுமே சொல்கிறது. அறுவையாளருக்கு முக்கியம் பொருள். மணிகளில் இருப்பவை கால்சியம், பாஸ்பேட், கொழுப்பு. இக்கண்களில் புரையை எடுத்துச் சிலிக்கோன் செயற்கை வில்லை பொருத்தினால் அதன் பின்புறத்தில் சுண்ணம் படியக்கூடும். யாக் லேசரால் சுரண்டினாலும் மீண்டும் படியும். கடைசியில் வில்லையையே மாற்ற நேரிடும். அதனால் நீர்விலக்கு அக்ரிலிக் வில்லையே நல்லது. 'விழிக்கூழ்ச் சுண்ணமணி' என்ற பெயரே அந்த எச்சரிக்கையைத் தாங்கும்.

நீர்த்த கூழில் அடியில் தங்கி, கண் அசைந்தால் கிளம்பி மின்னும் கொலஸ்டிரால் படிகங்கள் வேறு நோய், அவற்றுக்கு 'மினுக்குப்படிகம்'. இரண்டும் ஒரே பெயருக்குள் வரக்கூடாது.

கையேட்டு நடையில் சொல் ஓடுகிறதா என்று பாருங்கள்:

"சுண்ணமணி அடர்ந்த கண்ணில் ஏ-ஸ்கேன் (விழிநீளத்தை அளக்கும் மீயொலிச் சோதனை), மணித்திரளை விழித்திரை என்று எடுத்துக்கொண்டு விழிநீளத்தைக் குறைத்துக் காட்டலாம். 1 மி.மீ. குறைந்தால் வில்லைத் திறன் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் கூடிப்போய், அறுவைக்குப் பின் கிட்டப்பார்வை வரும். ஒளிவழி அளவீட்டையே நம்புக. மறு கண்ணின் நீளத்தோடு ஒப்பிடுக. விழித்திரை தெரியாவிட்டால் பி-ஸ்கேன் (கண்ணின் உட்புறத்தைப் படமாகக் காட்டும் மீயொலிச் சோதனை) எடுக்க. செவ்வொளி (விழித்திரையிலிருந்து திரும்பும் சிவந்த ஒளி) மங்கலாக இருந்தால் வில்லையுறைக்கு (இயற்கை வில்லையைச் சுற்றிய உறைக்கு) டிரிப்பன் புளூ சாயமிட்டபின் திறக்க."

———

ஐயா, ஏற்கிறேன். சுண்ணமணியே இருக்கட்டும். 'விட்ரெக்டமி'க்கு 'விழிக்கூழ் அகற்றல்' பொருந்தும். அதோடு இதையும் சேருங்கள்: "பார்வைக் குறைவுக்குச் சுண்ணமணியே காரணம் என்று உறுதியானால் மட்டும் கூழகற்றல். முதலில் புரையை எடுத்துப் பார்வையை அளக்க. கூழகற்றிய கண்ணில் பிறகு புரை எடுத்தால், வில்லையுறையின் பின்பக்கமான பின்னுறைக்குத் தாங்கல் இராது. முன்னறை (கண்ணின் முன்பகுதியில் நீர் நிறைந்த இடம்) திடீரென ஆழமாகும். அறுவையின்போது கண்ணுக்குள் நீர் செலுத்தும் நீர்ப்புட்டியின் உயரத்தைத் தாழ்த்திக்கொள்க."