இரவில் ஒரே கன்ட்ரோலர் இரண்டு பேர் வேலையைப் பார்ப்பது சரியா?

வானம்பாடி:
என் தம்பி ஏடிசி, அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். நேற்று சாப்பிடும்போது வாஷிங்டன் விபத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 2025 ஜனவரி 29 இரவு, தரையிறங்க வந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்களே, அதுதான். அப்போது டவரில் விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் ஒரே ஆள்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இரவு 9.30க்குப் பிறகு சேர்க்கிற இரண்டு பொறுப்புகளை அன்று முன்னதாகவே சேர்த்துவிட்டார்கள், மோதல் நடந்தது 8.48 வாக்கில். போக்குவரத்து குறைவாக இருக்கும்போது ஆளைக் குறைத்தால் என்ன தப்பு என்று தம்பி கேட்கிறான். ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனை விமானம் வரை சமாளிக்க முடியும்? அதற்குக் கணக்கு ஏதாவது இருக்கிறதா?

பழைய டவர்க்காரன்:
ஓய்வு பெற்ற கன்ட்ரோலர் நான். ஒவ்வொரு செக்டருக்கும், அதாவது ஒருவர் பொறுப்பில் இருக்கும் வான்பகுதிக்கும், இத்தனை விமானம் என்று கணக்கு உண்டு, ஆனால் அதை மட்டும் வைத்து வேலைப்பளுவை அளந்தால் ஏமாந்துவிடுவோம். ஒரே பாதையில் வரிசையாகப் போகும் பன்னிரண்டு விமானம் தொந்தரவே தராது. ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது, மூன்றாவது கூப்பிட்டால் பதில் இல்லை என்றால் அந்த மூன்றே போதும், வியர்த்துவிடும். எங்கள் பேச்சில் ‘பிக்சர்’ என்போம், இன்னும் இரண்டு நிமிடத்தில் யார் எங்கே இருப்பார் என்று மனதில் ஓடும் படம். காது ரீட்பேக்கை (நாம் சொன்னதை பைலட் திரும்பச் சொல்வது) கேட்கும், கை ஸ்ட்ரிப்பில் (ஒவ்வொரு விமானத்துக்கும் உள்ள குறிப்புச் சீட்டு) எழுதும், கண் அடுத்த விமானத்துக்குப் போயிருக்கும். ஒருமுறை நான் கொடுத்த உயரத்தை பைலட் மாற்றிப் படித்தார், எனக்குக் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. பக்கத்தில் இருந்த சீனியர் மேஜையைத் தட்டி “லெவலைத் திரும்பக் கேள்” என்றார். விமானங்கள் குறைவாக இருந்த இரவுதான் அது. அவர் எழுந்து போயிருந்தால் தட்டுவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

செங்குத்து:
தம்பியை யூபர்லிங்கன் விபத்தைப் படிக்கச் சொல்லுங்கள், ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் நடுவானில் மோதியது. 2002 ஜூலை 1, இரவு பதினொன்றரை மணி, ஜெர்மனி வானம், ஆனால் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டது சுவிட்சர்லாந்தின் சூரிச் மையம். டியூட்டியில் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுக்குப் போய்விட்டார், அது பல வருடமாக நிர்வாகம் கண்டுகொள்ளாமல் விட்ட பழக்கம். அதே இரவில் ரேடார் கணினியில் பராமரிப்பு நடந்ததால் மோதல் எச்சரிக்கை திரையில் வராது, பிரதான தொலைபேசியும் நிறுத்தம், மாற்று லைனில் கோளாறு. தாமதமாக வந்த ஏர்பஸ் ஒன்றை ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபென் விமான நிலையத்தில் இறக்க, தனியாக இருந்த கன்ட்ரோலர் பக்கத்துத் திரைக்கு நகர்ந்து, வேறு அலைவரிசையில் பேசிக்கொண்டு, அந்த விமான நிலையத்துக்கு போன் கிடைக்காமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார். மறுபக்கம், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையத்து கன்ட்ரோலர் ஆபத்தைப் பார்த்துவிட்டு 11 முறை சூரிச்சை அழைத்தார், லைன் கிடைக்கவில்லை. மோதுவதற்கு ஒரு நிமிடம்கூட இல்லாதபோதுதான் சூரிச் கன்ட்ரோலர் கவனித்து ரஷ்ய விமானமான டுபோலெவை இறங்கச் சொன்னார். 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ரஷ்ய நகரமான ஊஃபாவிலிருந்து ஸ்பெயினுக்கு விடுமுறைக்குப் போன பிள்ளைகள். அந்த நேரம் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடக்கூடிய விமானங்கள்தான். தம்பியின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

ராஜாளி72:
அதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். டுபோலெவின் டிகாஸ் கருவி (மோதல் வராமல் ஏறு, இறங்கு என்று விமானத்துக்குள்ளேயே சொல்வது) ஏறச் சொன்னது, கன்ட்ரோலர் இறங்கச் சொன்னார், பைலட்கள் கன்ட்ரோலர் பேச்சைக் கேட்டார்கள். எதிரே வந்த சரக்கு விமானம் தன் கருவி சொன்னபடி இறங்கியது, இரண்டும் சேர்ந்து இறங்கின. கருவியைக் கேட்டிருந்தால் தப்பியிருப்பார்கள். எல்லாவற்றையும் வேலைப்பளு தலையில் கட்டுவது சரியில்லை. நம் ஊர்க் கதையையே எடுங்கள், 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சார்க்கி தாத்ரி. டில்லி கன்ட்ரோலர் 15,000 அடியில் இரு, எதிரே விமானம் வருகிறது என்று சொல்லியும் கசாக் விமானம் கீழே இறங்கி, எதிரே வந்ததோடு மோதி 349 பேர் போனார்கள். அன்றைய ரேடார் அவருக்கு உயரத்தைக் காட்டவில்லை, பைலட் வாயால் சொன்னதை நம்பித்தான் ஆக வேண்டும். வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் ஒரே பாதை வேறு. அங்கே ஆள் பற்றாக்குறை காரணம் இல்லையே?

செங்குத்து:
சார்க்கி தாத்ரி பற்றி நீங்கள் சொல்வது சரி. அதற்குப் பிறகுதான் டில்லியில் பாதைகளைப் பிரித்தார்கள், டிகாஸையும் கட்டாயமாக்கினார்கள். ஆனால் யூபர்லிங்கனில் அந்த முரண்பட்ட உத்தரவு பிறந்ததே அவர் தாமதமாகப் பார்த்ததால்தான். கடைசி நிமிடத்தில் கருவி காப்பாற்றும் என்று நினைத்து மற்ற பாதுகாப்பை எல்லாம் ஒரே இரவில் கழற்றினால், தவறு அந்த நாற்காலியில் இருந்தவருடையது மட்டும் எப்படி ஆகும்? 2004-இல், பிள்ளைகளையும் மனைவியையும் இழந்த ஒரு தந்தை அந்தக் கன்ட்ரோலரை வீட்டு வாசலிலேயே கொன்றுவிட்டார். மேலாளர்கள் நால்வரை சுவிஸ் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று சொன்னது அதற்கு அப்புறம், 2007-இல்தான். அந்த வரிசையை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வானம்பாடி:
எல்லாவற்றையும் தம்பியிடம் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டான்: பணியில் இருக்கும்போது அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்?

பழைய டவர்க்காரன்:
நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். மாற்று ஆள் வந்து தன் ஹெட்செட்டைப் பக்கத்தில் செருகி, கொஞ்ச நேரம் நம்மோடு சேர்ந்து கேட்பார். எந்த விமானம் எந்த உயரத்தில், யாருக்கு என்ன சொல்லியிருக்கிறோம், என்ன பாக்கி என்று ஒவ்வொரு ஸ்ட்ரிப்பாகச் சொல்லி ஒப்படைப்போம். அவர் “எடுத்துக்கொண்டேன்” என்று சொன்ன பிறகுதான் எழுந்திருக்கலாம். மாற்று ஆள் இல்லாத இரவில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நான் நிறைய இரவு அப்படி உட்கார்ந்திருக்கிறேன் தம்பி.